முதல் ஸ்டண்ட் பட்டம்: சிறியதா, பெரியதா?

முதல் ஸ்டண்ட் பட்டம் (கயிறுகளை இழுத்துத் திருப்பி வித்தை காட்டும் பட்டம்) வாங்க, சிறியது என்றால் பழகச் சுலபம் என்று 1.2 மீட்டர் அகலப் பட்டத்தைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? உண்மை நேர்மாறு. சின்னப் பட்டம் கையை லேசாக அசைத்தாலே விருட்டென்று திரும்பும். சுதாரிப்பதற்குள் தரையில் குத்திவிடும். இறக்கை அகலம் 1.8 மீட்டருக்குக் குறையாத, இரண்டு கயிற்று டெல்டா (முக்கோண வடிவப் பட்டம்) வாங்குங்கள். நான்கு கயிறு இப்போதைக்கு வேண்டாம்.

குச்சி ஃபைபர்கிளாஸ் போதும். கார்பனைவிடக் கனம்தான், ஆனால் வளைந்து கொடுக்கும். ஆரம்பத்தில் எப்படியும் மூக்குடைபடத்தானே போகிறது!

மிச்சக் காசைக் கயிற்றில் போடுங்கள், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும், பட்டம் தாமதமாகத்தான் சொல் கேட்கும். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு அவ்வளவாக நீளாது. ஒன்றோடொன்று சில சுற்று முறுக்கிக்கொண்டாலும் வழுக்கி ஓடும். இரண்டு கயிறும் ஒரே நீளமா என்று அளந்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டம் ஒரு பக்கமாகவே இழுக்கும்.