நர்சிங் படிப்பு: தனியாரா, கம்யூனிட்டி காலேஜா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன், வயது 37. ஊரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தவள், போன வருடம்தான் க்ரீன் கார்டு வந்தது. நர்ஸ் ஆக வேண்டும் என்பது பல வருட ஆசை. அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோ எல்லாவற்றையும் இங்கே கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டு வருட அரசுக் கல்லூரி) மறுபடி எடுத்து ஏ கிரேடு வாங்கிவிட்டேன். ஆனால் நர்சிங்குக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் ஒரு தனியார் கல்லூரியில் விவரம் கேட்டேன், அன்றிலிருந்து தினமும் ஃபோன். 22 மாதத்தில் பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்), காத்திருக்க வேண்டாம், மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர், இந்த வெள்ளிக்குள் கையெழுத்துப் போட்டால் 2,000 டாலர் தள்ளுபடி என்கிறார்கள். வீட்டின் மேல் லோன் எடுத்துக்கொள்ளலாம், வயது போகிறது என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் சமாச்சாரத்தை நான்கு நாளில் முடிவு செய்யச் சொல்கிறவர் உங்கள் படிப்பைப் பற்றி யோசிக்கவில்லை, இந்த மாதம் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்றுதான் யோசிக்கிறார். அவர் மேல் கோபம் வேண்டாம், அது அவர் வேலை. உங்கள் வேலை நிதானமாகக் கணக்குப் போடுவது.

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. கம்யூனிட்டி காலேஜ் தரும் ஏ.டி.என். என்ற இரண்டு வருடப் பட்டம் படித்தாலும் பி.எஸ்.என். படித்தாலும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் என்ற உரிமப் பரீட்சைதான், கையில் வருவதும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம்தான். அப்படியானால் தனியார் கல்லூரியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் காலத்தைத்தான். காலத்துக்கும் விலை உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி ஆர்.என்.களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர், கலிஃபோர்னியாவில் அதைவிட அதிகம். நிஜமாகவே இரண்டு வருடம் முன்னதாக வேலைக்குப் போக முடிந்தால் அந்தக் கல்லூரிச் செலவு நியாயமானதுதான். ஆனால் அந்த 22 மாதம் உண்மையிலேயே 22 மாதம்தானா? எல்லாம் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

நர்ஸ் வேலையோடு, மாணவர்களை வார்டுக்குக் கூட்டிப்போகும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் வேலையும் சில வருடம் பார்த்திருக்கிறேன். அப்போது ஒரு தனியார் கல்லூரி மாணவி என்னிடம் அழுதாள். சேரும்போது 20 மாதம் என்றார்களாம். குழந்தைகள் நலப் பிரிவில் பயிற்சி தர மருத்துவமனை கிடைக்கவில்லை என்று நான்கு மாதம் சும்மா வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள், லோனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அப்புறம் கிடைத்த இடமோ இரண்டு மணி நேரம் காரில் போகிற தூரம். காலை ஆறே முக்காலுக்கு இரவு ஷிஃப்ட் நர்ஸிடம் ரிப்போர்ட் கேட்க நிற்க வேண்டும் என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும், மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கத்தோடு யார் வீட்டிலாவது விட்டுவிட்டு. படித்து முடித்தாள், இன்று நல்ல நர்ஸ், ஆனால் 20 மாதம் 31 மாதமாகியிருந்தது. கலிஃபோர்னியாவில் நோயாளியை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி குறைந்தது 500 மணி நேரம் வேண்டும், அதில் பிரசவம், குழந்தைகள் நலம் போன்ற ஒவ்வொரு துறைக்கும் குறைந்தது 30 மணி நேரம். மருத்துவமனை இடம் கையில் இல்லாத கல்லூரியால் இதை எங்கே போய்க் கொடுக்க முடியும்? அதனால் ஃபோனில் பேசுகிறவரிடம், கிளினிக்கல் பயிற்சி எந்தெந்த மருத்துவமனைகளில், பிரசவப் பிரிவுக்கு எங்கே, குழந்தைகள் பிரிவுக்கு எங்கே, ஒப்பந்தம் எதுவரை என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

அடுத்து, மாநில நர்சிங் போர்டின் இணையதளத்துக்குப் போனால் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை பேர் என்கிளெக்ஸ் எழுதினார்கள், முதல் முறையே எத்தனை சதவீதம் தேறினார்கள் என்று வருடவாரியாக இருக்கும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கல்லூரிக்குச் சிக்கல், அதனால் எல்லோரும் அதற்கு மேல் நிற்கத்தான் பார்ப்பார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 100 பேரைச் சேர்த்து, கடைசி செமஸ்டரில் ஒரு எக்ஸிட் பரீட்சை வைத்து, அதில் தேறிய 60 பேரை மட்டும் என்கிளெக்ஸுக்கு அனுப்பினால் தேர்ச்சி 95 சதவீதம்கூட வரும். மீதி 40 பேர் கடனோடு நிற்பார்கள், அவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஆகவே எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். தனியார் உயர்கல்விக்கான மாநில அலுவலகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால், நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே இந்த விவரங்கள் அடங்கிய செயல்திறன் அறிக்கையை உங்களுக்குத் தந்தாக வேண்டும், அது சட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டாலும், முதல் வகுப்பு நாள் அல்லது சேர்ந்த ஏழாவது நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யும் உரிமை உண்டு.

அங்கீகாரம் இரண்டு வகை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரிக்கு ஒன்று, நர்சிங் படிப்புக்குத் தனியாக ஒன்று (சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். என்ற அமைப்பு தருவது). கல்லூரியின் அங்கீகாரம் சரியில்லை என்றால், நாளைக்கு எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலை) படிக்கப் போகும்போது உங்கள் பி.எஸ்.என்.னை ஏற்க மாட்டார்கள், உரிமம் இருந்தும் மேலே போக முடியாது. ஐ.டி.டி. டெக் என்ற தனியார் கல்லூரிக் குழுமம் 2016 செப்டம்பரில் நாடு முழுக்க ஒரே நாளில் கதவைச் சாத்தியது, அங்கே நர்சிங் படித்துக்கொண்டிருந்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களை விற்றது வெளியே வந்தது, 25 பேர் மேல் வழக்கு. தனியார் எல்லாம் இப்படி என்று நான் சொல்லவே இல்லை. லாப நோக்கம் இல்லாத, பல காலமாக நர்சிங் நடத்தும் நல்ல தனியார் பல்கலைக்கழகங்கள் உண்டு, அங்கிருந்து வந்தவர்கள் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை யூனிட்டிலேயே இருக்கிறார்கள்.

சரி, பணம். கலிஃபோர்னியா வாசிக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர். நர்சிங்கில் சேரும் முன் முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து 90 யூனிட் என்றே வைத்தாலும் 4,140 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, பின்னணிச் சோதனை என்று இன்னும் சில ஆயிரம் போகும். அந்தப் பக்கம் 1 லட்சத்து 20 ஆயிரத்தை 8 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 1,456 டாலர் கட்ட வேண்டும், முடிக்கும்போது 1 லட்சத்து 74 ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். வீட்டின் மேல் மட்டும் எடுக்காதீர்கள். மெடிக்கல்-சர்ஜிக்கல் பாடத்தில் நல்ல மாணவர்களே தவறுவது உண்டு, இரண்டு பாடம் போனால் பல கல்லூரிகளில் வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்த நாளில் வீடும் ஆபத்தில் இருக்கக் கூடாது. க்ரீன் கார்டு இருப்பதால் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பி அரசாங்க மாணவர் கடன் கேட்கலாம். ஊர் பட்டமாக இருந்தாலும் பி.எஸ்சி. பட்டம்தான் என்பதால் பெல் கிராண்ட் என்ற, திருப்பித் தர வேண்டாத அரசு உதவி மட்டும் பொதுவாகக் கிடைக்காது.

இப்போது நான் மனதார சொல்ல நினைப்பது. இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை என்றீர்கள், எத்தனை காலேஜுக்கு என்று சொல்லவில்லை. ஒரே காலேஜுக்குத்தான் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் பக்கத்து காலேஜுக்கு மட்டும் போட்டு ஒரு வருடத்தை வீணாக்கினேன். மூன்றாம் முறை ஐந்து காலேஜுக்குப் போட்டேன், வீட்டிலிருந்து ஐம்பது மைலில் கிடைத்தது. சில காலேஜில் குலுக்கல், சில இடத்தில் மதிப்பெண் முறை. மதிப்பெண் முறைதான் உங்களுக்குச் சாதகம். டீஸ் என்ற நர்சிங் நுழைவுப் பரீட்சையில் 62 சதவீதம் இருந்தால் தகுதி, 85க்கு மேல் எடுத்தால் நிலைமையே வேறு. ஏற்கெனவே பட்டம் இருப்பதற்குப் பல இடங்களில் புள்ளி உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழி தெரிந்தாலும் புள்ளி தரலாம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது, அதில் இந்தியத் துணைக்கண்ட மொழிகள் பெயர் சொல்லியே இருக்கின்றன. நம் தமிழுக்குப் புள்ளி! எத்தனை புள்ளி, என்ன சான்று கேட்கிறார்கள் என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும், விண்ணப்பத்தில் அந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் சி.என்.ஏ. (நர்ஸ் உதவியாளர்) பயிற்சியைப் படித்துவிடுங்கள், மொத்தம் 160 மணி நேரம்தான். ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, விரிப்பு மாற்றி, அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கும் வேலை நமக்கு ஒத்து வருமா என்பது அங்கே ஒரே வாரத்தில் தெரிந்துவிடும், விண்ணப்பத்துக்கும் பலம்.

இன்னொரு கதவையும் தட்டுங்கள். வேறு துறையில் பட்டம் இருப்பவர்களுக்கென்றே 12 முதல் 18 மாதத்தில் முடியும் துரித பி.எஸ்.என். படிப்புகள் உண்டு, அரசுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. உங்கள் பி.எஸ்சி.யை இங்கே மதிப்பீடு செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகள் புதிய நர்ஸ்களில் பி.எஸ்.என். உள்ளவர்களையே விரும்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஏ.டி.என். முடித்து வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் ஒன்று, ஒன்றரை வருடத்தில் பி.எஸ்.என். சேர்த்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வாங்கினேன், செலவில் ஒரு பகுதியை மருத்துவமனையே கொடுத்தது.

என் யோசனை இது: அடுத்த சுற்றில் ஐந்தாறு கம்யூனிட்டி காலேஜ், இரண்டு துரித பி.எஸ்.என். என்று போடுங்கள். அதிலும் கிடைக்காமல் போனால், தேர்ச்சி விகிதமும் கிளினிக்கல் இடமும் உறுதியாக இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் தயங்காமல் சேருங்கள். 40 வயதில் நர்ஸ் ஆனவர்களுக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன், வயதை நினைத்துப் பதற வேண்டாம்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். நியூயார்க், குயின்ஸில் இருக்கிறோம். மகள் ஹைஸ்கூல் முடிக்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்.என். கிடைத்திருக்கிறது, உதவித்தொகை போக வருடம் 38,000 டாலர் ஆகும். அவளோ கம்யூனிட்டி காலேஜ் போதும் என்கிறாள். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று என் மனைவிக்குக் கவலை.

பதில்: மகள் உங்கள் பணத்தைப் பற்றி யோசிக்கிறாள், அதற்காக முதலில் சந்தோஷப்படுங்கள். சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். என் யூனிட்டில் இரவு ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருப்பவர் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர். யாருக்காவது மூச்சு நின்றால் நாங்கள் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அவர் முகத்தைத்தான்.

ஆனால் நியூயார்க்கில் ஒரு சட்டம் உண்டு. 2017 டிசம்பரில் கையெழுத்தானது, ஏ.டி.என்.னோடு உரிமம் வாங்குகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். அதனால் உங்கள் மகளுக்குக் கேள்வி பி.எஸ்.என். வேண்டுமா என்பதல்ல, எப்போது, எவ்வளவு செலவில் என்பதுதான். பதினெட்டு வயதில் ஒரே மூச்சில் படித்து முடிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, கல்யாணம், குழந்தை, நைட் ஷிஃப்ட் எல்லாவற்றுக்கும் நடுவே மறுபடி புத்தகம் திறப்பது சுலபமில்லை. அதற்காக 1 லட்சத்து 52 ஆயிரம் கொடுக்கத்தான் வேண்டுமா? நடுவில் இன்னொரு வழியை விட்டுவிட்டீர்கள்: நகரப் பல்கலைக்கழகமான கியூனி, மாநிலப் பல்கலைக்கழகமான சூனி ஆகியவற்றின் நான்கு வருடக் கல்லூரிகள். ஹன்டர்-பெல்வியூ மாதிரி நல்ல பெயர் உள்ள நர்சிங் பள்ளி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. குடும்ப வருமானம் 1 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குள் இருந்தால் எக்ஸெல்ஸியர் என்ற மாநில உதவித்தொகைக்குப் போட்டு டியூஷனே இல்லாமலும் படிக்கலாம்.

தனியார் பக்கம் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். அனுமதிக் கடிதத்தில் நர்சிங் என்று இருக்கிறதா, ப்ரீ-நர்சிங் என்று இருக்கிறதா? ப்ரீ-நர்சிங் என்றால் முதல் இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி போட்டியிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கிடைக்காவிட்டால் 76,000 டாலர் கட்டிவிட்டு வேறு பாடம் தேட வேண்டிவரும். முதல் வருடமே நர்சிங் இடம் உறுதி என்று எழுத்தில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, பேசிப் பாருங்கள், உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: சான் ஹோசேயில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கானது) இருக்கிறேன், இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. நர்சிங் படிக்க முடியுமா? வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டுமா?

பதில்: படிக்கலாம், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. இங்கேயே தங்கிவிட்டதற்கான சான்றுகளோடு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் எச்-4இல் இருப்பவர்களும் கலிஃபோர்னியா வாசிக் கட்டணம் கேட்கலாம், அதாவது மேலே சொன்ன, யூனிட்டுக்கு 46 டாலர். வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் எடுத்துக்கொண்டு காலேஜின் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போங்கள், கவுன்டரில் முதலில் இல்லை என்றாலும் வாசித் தகுதியை முடிவு செய்பவர் யார் என்று கேட்டு அவரைப் பாருங்கள். அரசாங்க மாணவர் கடன் உங்களுக்குக் கிடையாது. உரிமம் வாங்கினாலும் வேலை பார்க்க அனுமதி தனியாக வேண்டும். கணவருக்கு ஐ-140 (நிறுவனம் போடும் க்ரீன் கார்டு மனு) ஒப்புதல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவில்லை என்றால் இப்போதைக்கு முன்தேவைப் பாடங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள், அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு வருடத்துக்கு மேல் பழசானால் பல காலேஜ்கள் ஏற்பதில்லை, ஆகவே ஆங்கிலத்தையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் முதலில் முடித்துவிட்டு அனாடமியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.