மடிநோய்: ஒரு மாடு பிழைக்க, இன்னொன்று படுப்பது ஏன்?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு நம் குழுவின் கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.

உசிலம்பட்டியிலிருந்து: டாக்டர், பக்கத்து வீட்டு மாட்டுக்கும் என் மாட்டுக்கும் ஒரே வாரத்துல மடிவீக்கம். அது ரெண்டு ஊசியில தேறிருச்சு. என் மாடு கன்னு போட்டு பத்து நாள்தான் ஆச்சு, எந்திரிக்கவே மாட்டேங்குது.

முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். கன்று போட்ட புதிதில் பால்காய்ச்சலிலும், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைவதாலும், மாடு படுக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மடிநோய்தான் என்றால் ஈ.கோலை என்ற கிருமி மேல் சந்தேகம் வரும். அதன் மேலுறையிலேயே நஞ்சு இருக்கிறது. கிருமி சாகும்போது அது வெளியே கொட்டும். உயிருள்ள கிருமியே இல்லாமல் அந்த நஞ்சை மட்டும் ஒரு காம்பு வழியாகச் செலுத்தி ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் மடி வீங்கி, காய்ச்சல் வந்து, பாலில் வெள்ளையணுக்கள் பெருகிவிடும். ஆக, மாட்டைக் கீழே தள்ளுவதில் அதன் உடம்பு காட்டும் எதிர்வினைக்குப் பெரிய பங்கு. கன்று ஈன்ற புதிதில், கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் மடிக்கு வந்து சேரத் தாமதமாகும். அதற்குள் கிருமி பெருகிவிடும். பக்கத்து வீட்டு மாடு ஈன்று மாதக்கணக்கில் ஆகியிருக்கும், சரிதானே?

திருமங்கலம்: வெள்ளாட்டுக்கு மடி ஒரு பக்கம் கருத்துப்போச்சு. தொட்டா சில்லுனு இருக்கு.

இங்கே கிருமியின் வகை பேசுகிறது. பெரும்பாலும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. அதில் ஆல்பா நஞ்சைச் சுரக்கும் வகைகள் செல்களின் சவ்வில் துளை போடும், ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும். 1989-இல் பிராம்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் பால் கொடுக்கும் சுண்டெலிகளின் மடியில் இதைச் சோதித்தார்கள். ஆல்பா நஞ்சுக்கான மரபணுவை முடக்கிய கிருமி, முடக்காத அதே கிருமியைவிடக் குறைவான சேதமே செய்தது. சுண்டெலி ஆடாகிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நஞ்சின் கைவரிசை தெளிவாகத் தெரிந்தது.

கருத்த பாதி திரும்பாது. நஞ்சு உடம்பில் ஏறாமல் ஆட்டைக் காப்பாற்றுவதே இப்போது வேலை. இன்றைக்கே காட்டுங்கள்.

அலங்காநல்லூர்: வீக்கமே இல்ல சார், பால் மட்டும் குறையுது. தீவனக் கோளாறா?

வெளியே அறிகுறி தெரியாத மறைமுக மடிநோயாகவும் இருக்கலாம். நான்கு குழித் தட்டில் ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாகக் கறந்து, அதே அளவு சி.எம்.டி. (கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை) திரவம் ஊற்றிச் சுழற்றுங்கள். நோயுள்ள குழியில் பால் கோழையாகத் திரண்டு, தட்டைச் சாய்த்தால் ஒட்டிக்கொண்டே நகரும். திரள்வது கிருமி இல்லை. உடைந்த வெள்ளையணுக்களிலிருந்து வரும் டி.என்.ஏ. 1957-இல் வந்த சோதனை, இன்றைக்கும் தொழுவத்தில் இதற்கு ஈடு கிடையாது.

மேலூர்: மடிநோய் வந்த மாட்டுப் பாலைக் காய்ச்சிட்டா குடிக்கலாம்ல?

வேண்டாம்மா. கிருமி சாகும். ஆனால் ஸ்டெபைலோகாக்கஸ் சில வகைகள் பாலில் விடும் குடல் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஊசி போட்ட மாடென்றால் மருந்தும் பாலில் இருக்கும். கன்றுக்கும் ஊற்றாதீர்கள்.

வாடிப்பட்டி: கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு பூசுறது கேக்குமா அண்ணே?

250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது நம் பக்கம் நன்றாகவே பரவியிருக்கிறது. பால் லேசாகத் திரிந்து, மாடு ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தால் பூசுங்கள், தம்பி. காய்ச்சலோ படுக்கையோ இருந்தால் இதை நம்பி ஒரு ராத்திரியைக்கூடக் கழிக்கக் கூடாது.

செக்கானூரணி: எந்தக் கிருமின்னு பார்க்க பால் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. சும்மா சொம்புல கொண்டுபோகலாமா?

சொம்பில் கொண்டுபோனால் சொம்பின் கிருமிதான் வளரும்! காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சலைக் கீழே விட்டு, கால்நடை மருந்தகத்தில் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடியுங்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்னால் எடுங்கள்.