தம்பிக்கு நாலாவது கோர்ஸ்: நகையை வைப்பதா, இ.எம்.ஐ. போடுவதா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 31,000 ரூபாய். அப்பா இல்லை. அம்மா, தம்பி, நான். தம்பி 2023இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தான். வேலை அமையவில்லை. முதலில் 45,000 கட்டி இங்கேயே ஃபுல் ஸ்டாக் கோர்ஸ், அடுத்து 12,000 கட்டி ஒரு மாத இன்டர்ன்ஷிப். அப்போது என் மூன்று பவுனை 60,000க்கு அடகு வைத்தேன். வட்டி 12 சதவீதம். இரண்டு வருடமாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். பிறகு ஆன்லைனில் டேட்டா சயின்ஸ், 96,000. அது என் பெயரில் 18 மாத ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’, ஏழு தவணை கட்டியாயிற்று. இப்போது தாய்மாமா பெங்களூருவில் ஒரு இடம் சொல்கிறார். ஜெனரேட்டிவ் ஏ.ஐ. கோர்ஸ், ஆறு மாத இன்டர்ன்ஷிப், வேலை உத்தரவாதம். கட்டணம் 1,60,000, ஜி.எஸ்.டி. தனி. 16 சதவீத வட்டியில் 24 மாதக் கடன் தருவார்களாம். இல்லாவிட்டால் மீதி ஆறு பவுனை வைத்துவிடு, வேலை கிடைத்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறார். பான், ஆதார் அனுப்பிவிட்டேன், ஓ.டி.பி. மட்டும் இன்னும் சொல்லவில்லை. இரண்டில் எது நல்லது? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஆன்லைன் கடனில் அந்த எண்தான் உங்கள் கையெழுத்து. இந்தப் பதிலைப் படிப்பதற்குள் சொல்லியிருந்தால், கடனோடு வரும், அதன் முக்கிய விவரங்களைச் சொல்லும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ தாளை எடுத்து ‘கூலிங் ஆஃப்’ எத்தனை நாள் என்று பாருங்கள். டிஜிட்டல் கடன் வாங்கியவர் மனம் மாறி விலக அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த நாட்களுக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கொடுத்தால் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். கடன் தொகை நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போயிருக்கும். ஆகவே அவர்களிடமும் அதே நாளில் சேர்க்கையை ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது. தம்பிக்கு வேலை அமையாத ஒவ்வொரு முறையும் நீங்கள் கடன் வாங்கி ஒரு கோர்ஸ் வாங்குகிறீர்கள். மூன்று கோர்ஸின் விலையையும் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி எத்தனை நேர்காணலுக்குப் போனார், எந்தச் சுற்றில் வெளியே வந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. கணக்குத் திறன் தேர்வில் வெளியே வருகிறவருக்கு மருந்து வேறு; கோடிங் சுற்றில் வருகிறவருக்கு வேறு; ஆங்கிலத்தில் தன் புராஜெக்ட்டை விளக்க முடியாமல் திணறுகிறவருக்கு வேறு. இந்த மூன்றில் எதற்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் கோர்ஸ் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். மூன்று கோர்ஸுக்கும் 1,53,000. நகைக் கடனுக்கு வருடம் 7,200 வீதம் இரண்டு வருட வட்டி 14,400. ஆக 1,67,400, இதில் இன்னும் கட்ட வேண்டிய 11 தவணை மட்டும் 58,700க்குச் சற்றுக் குறைவு. புதிய கோர்ஸ் 1,60,000 என்கிறார்கள். பயிற்சி நிறுவனக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 28,800. ஆகக் கடன் 1,88,800. மாதத் தவணை சுமார் 9,250 வரும். 24 மாதத்தில் 2,22,000 கட்டி முடிப்பீர்கள். இப்போதைய தவணை 5,333, நகை வட்டி 600. மூன்றையும் கூட்டினால் 15,180 ரூபாய், சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. மீதியில் மூன்று பேர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, அம்மாவுக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தால் அந்த மாதமே தவணை தவறும். தவறினால் கெடுவது உங்கள் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் பதிவு. தம்பியுடையதோ மாமாவுடையதோ அல்ல.

வரிச் சலுகை உண்டு என்றும் சொல்லியிருப்பார்கள். உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘வேலை உத்தரவாதம்’ என்பதை விளம்பரத்தில் படிக்காமல் ஒப்பந்தத்தில் படியுங்கள். வழக்கமாக என்ன இருக்கும் என்றால், வருகைப்பதிவு இத்தனை சதவீதம், எல்லா மாதிரித் தேர்விலும் இத்தனை மதிப்பெண், அவர்கள் அனுப்பும் எந்த நேர்காணலையும் மறுக்கக் கூடாது, எந்த ஊர் என்றாலும் போக வேண்டும். ஒன்று தவறினாலும் உத்தரவாதம் ரத்து. மாதம் 12,000 சம்பளத்தில் டெலிகாலர் வேலை காட்டினாலும் ‘வேலை கொடுத்தாயிற்று’ என்று கணக்கு முடியும். பணம் திரும்பும் என்றாலும் ஜி.எஸ்.டி.யும் வட்டியும் திரும்பாது. ‘நோ காஸ்ட்’ தவணையும் இலவசம் கிடையாது. வட்டி கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. முழுத் தொகையையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தம்பியிடம் இப்போது மூன்று சான்றிதழ் இருக்கிறது. மூன்றும் ‘வகுப்புக்கு வந்தார்’ என்று சொல்லும் தாள்கள். மனிதவளத் துறை மதிப்பது கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் ஜெயித்து வாங்குவதை. அதன் எண்ணை வைத்து இணையத்திலேயே சரிபார்க்கலாம். அவற்றின் விலையையும் பாருங்கள். இணையம் வழியாக சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவை ஏ.டபிள்யூ.எஸ். அதன் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு 100 டாலர், வரியோடு பத்தாயிரத்தை ஒட்டி வரும். அதற்கு மேல்நிலையான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். நெட்வொர்க்கிங் பக்கம் போனால் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 300 டாலர். மூன்றும் மூன்றாண்டு செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஷூரில் அடிப்படைச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. அசோசியேட் நிலைக்கு ஓராண்டுதான், ஆனால் புதுப்பிப்பது இலவசம்.

இதிலும் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆசை வரும். வேண்டாம். ஒரே ஒரு பாதை, ஒரே ஒரு தேர்வு. பைத்தான் நிரல்மொழி தெரிந்த பி.எஸ்சி. பட்டதாரிக்கு கிளவுட் சப்போர்ட், அதாவது இப்படிப்பட்ட சர்வர்களைக் கவனித்துப் பழுது சரிசெய்யும் வேலை, நியாயமான வாசல். பிராக்டிஷனர் தேர்வு அறிமுக நிலை. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கேட்க முடியாது. அசோசியேட் எழுத அது முன்நிபந்தனையும் இல்லை. பிராக்டிஷனர் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதி விலைத் தள்ளுபடி தருவார்கள். அப்படியும் 100 கூட்டல் 75, மொத்தம் 175 டாலர். நேராக எழுதினால் 150. எனவே நேராகவே எழுதட்டும், ஆனால் அவசரப்படாமல். 65 கேள்வி, 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுக்க வேண்டும். தோற்றால் 14 நாள் காத்திருந்து முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகே தேதி பதிவு செய்யட்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் உண்டு, கேட்பவர்களுக்கு மட்டும். தேர்வைப் பதிவு செய்வதற்கு முன்பே ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்த் தளத்தில் தன் கணக்கில் விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, நேரம் போதாமல் கடைசிப் பத்துக் கேள்வியைக் குருட்டாம்போக்கில் குறிக்கிறார்கள்.

படிக்கக் காசு தேவையில்லை. ஏ.டபிள்யூ.எஸ். ஸ்கில் பில்டர், மைக்ரோசாஃப்ட் லேர்ன், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி மூன்றிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடமும் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் 1,000 ரூபாய். அங்கே வாராந்திரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 இல்லாமல் சான்றிதழ் வராது. தேர்வை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று பயிற்சியை விட்டுவிடுபவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நேர்காணலில் நிற்கப் போவது புராஜெக்ட். யூடியூபில் பார்த்து எல்லோரும் செய்யும் நெட்ஃபிளிக்ஸ் நகலைக் காட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூல் வரவு, தறிக்குக் கொடுத்தது, துணி திரும்பியது, பாக்கி என்று ஒரு சிறிய இருப்புக் கணக்கு. பைத்தானில் எழுதி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் சேமித்து, ஏ.டபிள்யூ.எஸ். சர்வரில் ஏற்றி, இரவில் தானாக அங்குள்ள எஸ்3 சேமிப்பகத்தில் பேக்கப் எடுக்கும்படி வைக்கட்டும். எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தார் என்பதையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எழுதி வைக்கட்டும். கணக்கு விதியை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்; அந்த அறிவு வேறெந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: ஏ.டபிள்யூ.எஸ். கணக்கு திறந்த அன்றே பட்ஜெட் அலர்ட் போட வேண்டும். நேட் கேட்வே என்ற இணைய இணைப்புச் சேவையை உருவாக்கிவிட்டு மறந்தால், யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டுவது இத்தோடு நிற்கட்டும். நிஜமான இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை கொடுப்பார்கள். மோசமான இடத்தில் ஒன்றும் கொடுக்காமல் விடுவார்கள். உங்களிடம் வாங்குகிற இடம் சான்றிதழ் விற்கிற இடம். நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர், பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் இவற்றில் ஒன்று வந்தாலும் விலகுங்கள். மத்திய அரசின் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம், அதாவது நாட்ஸ் தளத்தில் தம்பியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 என்று வைத்தது. என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இதன் வழியாக பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர்களையும் எடுத்திருக்கின்றன. எந்த ஆண்டு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பிலேயே இருக்கும். தனியார் நிறுவனங்களின் ஃபிரெஷர் தேர்விலும் அப்படித்தான். 2023இல் முடித்தவருக்கு ஒவ்வொரு கோர்ஸும் சில கதவுகளை மூடிவிடுகிறது. பணத்தைவிட இந்த இழப்பு பெரிது.

பெங்களூரு ஆட்கள் ‘இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் போட்டுத் தருகிறோம்’ என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணின் வரலாறு, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடித்தாலும் வெளியேற்றுவார்கள். அந்தக் கறை போகாது.

மாமாவோடு சண்டை போட வேண்டாம். கடந்த ஆண்டு இந்தக் கோர்ஸ் முடித்த ஐந்து பேரின் பெயரும் அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கடனை அவர் பெயரில் எடுக்கச் சம்மதமா என்றும் கேளுங்கள். ஆள் சேர்த்துவிடுபவருக்குப் பல நிறுவனங்கள் கமிஷன் தருகின்றன. மாமா அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை கடன் கட்டப் போகிற உங்களுக்கு உண்டு.

இனி நகை. புதிய கடனுக்கு 9,250 கட்டத் தயாராக இருந்தீர்கள். அதில் மாதம் 2,500ஐ மட்டும் நகைக் கடன் அசலில் கட்டுங்கள். பகுதித் தொகையை வாங்கிக்கொள்வார்கள். அசலில் வரவு வைத்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வட்டிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். 11 மாதத்தில் 27,500 குறைந்து 32,500 நிற்கும். அப்போது டேட்டா சயின்ஸ் தவணையும் முடிகிறது. அந்த 5,333ஐயும் சேர்த்து மாதம் 7,800 கட்டினால் ஐந்தாவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். தங்கம் விலை ஏறியிருப்பதால் ‘அதே நகைக்கு இன்னும் 40,000 கூடத் தரலாம்’ என்று அடகுக் கடையிலிருந்து போன் வரும். எடுக்காதீர்கள். தம்பியின் படிப்புக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு மொத்தம் 20,000 என்று வரம்பு வையுங்கள். தேர்வு ஒன்று, என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்று, போக்குவரத்து. அதையும் ஏதாவது பகுதிநேர வேலை பார்த்து அவரே பாதி கொண்டுவரட்டும்.

டேட்டா சயின்ஸ் வகுப்பு சொன்னபடி நடக்கவில்லை என்றால், கோபத்தில் வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு, பாடம் நடத்துபவர் வேறு. தவணை தவறினால் செக் பவுன்ஸ் போலவே கட்டணமும் சிபில் பதிவும் வரும். நடக்காத வகுப்புகளின் தேதியோடு நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பயிற்சி நிறுவனத்தின் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். கடன் கொடுத்தவர் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.