முகமும் ரேகையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்துவிட்டேன். பி.ஏ. குற்றவியல் சேர ஆசை. அப்பா பி.காம். போகச் சொல்கிறார். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கருமம்' என்று சித்தப்பா சிரிக்கிறார். இரண்டு வருடமாகக் கொலை வழக்கு வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்தே இவன் குற்றவாளி என்று சொல்லிவிடும் திறமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? எந்தக் கல்லூரி நல்லது?

ம., உசிலம்பட்டி

அன்புள்ள ம.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் போன வாரம் ரேஷன் கடையில் ஒரு பாட்டியின் கட்டைவிரலை மெஷின் நாலு தடவை ஏற்க மறுத்தது. 'நல்லாத் துடைச்சிட்டு வை பாட்டி' என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து எனக்குக் கட்டைவிரல் ஞாபகமாகவே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உசிலம்பட்டியிலிருந்து உங்கள் கடிதம்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அதற்கென்று இதைப் படிக்க வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலர் மாதிரியான சில பணிகளுக்குக் குற்றவியலைக் கேட்பதுண்டு, அதுவும் பெரும்பாலும் முதுகலை. ரத்தக்கறை, டி.என்.ஏ. என்று கனவு காண்கிறீர்கள் என்றால் அது தடய அறிவியல். கதவே வேறு. சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். கல்லூரி? விடுதிச் சோறு எங்கே சுமாராகவாவது இருக்கிறது என்று விசாரித்துச் சேருங்கள்.

ஆனால் 'முகத்தைப் பார்த்தே' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்கள் காதைத் திருக வேண்டும். என்ன தாயி இது? நீங்கள் சேர ஆசைப்படும் துறை 150 வருடத்துக்கு முன்னால் அந்த வரியில்தான் ஆரம்பித்தது. அதிலிருந்து வெளியே வர அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இத்தாலியில் லொம்ப்ரோசோ என்று ஒரு மருத்துவர். வில்லெல்லா என்ற ஏழைத் திருடனின் மண்டையோட்டில், பின்பக்கம் ஒரு சின்னக் குழியைப் பார்த்தார். அந்தக் குழிக்குள்ளிருந்து 'பிறவிக் குற்றவாளி' என்ற ஒரு கோட்பாட்டையே எடுத்துவிட்டார். 1876-ல் புத்தகமும் வந்தது. பெருத்த தாடை, நீண்ட கை, விடைத்த காது, இதெல்லாம் குற்றவாளியின் அடையாளமாம். பிறகு சார்ல்ஸ் கோரிங் என்பவர் இங்கிலாந்தில் சுமார் 3000 கைதிகளை உட்கார்ந்து அளந்தார். அப்படி ஒரு தனி ரகமே கிடையாது என்று 1913-ல் எழுதினார். சரியாக ஒப்பிடாமல் சொன்னதை ஒப்பிட்டு அளந்து உடைத்தார். நீங்கள் படிக்கப்போவது இந்த இரண்டாவது ஆளின் வேலையை.

அது இத்தாலிக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். லொம்ப்ரோசோவின் புத்தகம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1871-ல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். நெய்வதற்கு ஒரு சாதி, தச்சுக்கு ஒரு சாதி என்று இருந்தால் திருடுவதற்கும் ஒரு சாதி இருக்கத்தானே செய்யும் என்பது அவன் கணக்கு. முகம்கூட வேண்டாம், ஊரும் சாதியும் தெரிந்தால் போதும், குற்றவாளி என்று பதிந்துவிடலாம். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வாங்கிப் பதிந்ததால் உங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். பதிவானவன் ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது. அடுத்த ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காள் அதில் ஒருவர். உங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் போகும் தூரம். போயிருக்கிறீர்களா? அமெரிக்காவில் எவனோ தொடர்கொலை செய்ததற்கு மட்டும் தேதி வாரியாகச் சொல்வீர்கள்.

இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். எங்கள் தெருவில் ஒச்சு என்று ஒருவர் இருந்தார். இளவட்டத்தில் ரேகை வைத்தவர். எல்லோருக்கும் சீயான், அதாவது தாத்தா. முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறப்பார். சீயான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். 'கையெழுத்துப் போடுறேன்யா.'

எழுதக் கற்றுக்கொடுத்தது நான். அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒச்சு, மூன்றே எழுத்து. மற்ற இரண்டும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. ஒ-வின் சுழி மட்டும் வரவில்லை. மண்வெட்டி பிடித்த விரலுக்குள் பல்பம் ஒடிந்து ஒடிந்து விழும். மூன்று மாதம் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று எழுத்தைப் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். தபால்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். நல்ல மனிதர்.

குற்றவியல் என்றால் எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான். யாரைக் குற்றவாளி என்று எழுதினார்கள், எழுதியது யார், எந்தப் பதிவேட்டில்? 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வரவில்லை. அவர்கள் முகத்தையும் யாரோ பார்த்திருப்பார்கள். இதைக் கேட்கத் தெம்பிருந்தால் சேருங்கள். வீடியோ பார்த்த புல்லரிப்பில் சேர்வதாக இருந்தால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். பி.காம். கெட்ட படிப்பில்லை.

சீயான் செத்தது நான் பத்தாவது படித்தபோது. ராத்திரி. மின்சாரம் இல்லை. பெண்களை வெளியே அனுப்பிவிட்டு என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார் அவருடைய மூத்த மகன். எதற்கு என்று தெரியாமல் பிடித்தேன். விறைத்த கட்டைவிரலை நிமிர்த்தி, மை தடவி, ஒரு வெற்றுப் பத்திரத்தின் அடியில் அழுத்தினார். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். மறுநாள் குளிப்பாட்டும்போதும் மை போகவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூத்தவருக்கு நல்ல களையான முகம். பெண் பார்க்கப் போனால் அவரைத்தான் முன்னால் உட்காரவைப்பார்கள்.