தானியங்கி இயந்திரம் வந்தால் ஆடைத் தொழில் பினாங்குக்குத் திரும்புமா?

கொஞ்சம் திரும்பலாம். ஆனால் ரோபோக்களே சட்டை, பேன்ட் எல்லாம் இங்கே தைத்துத் தள்ளும் என்று நீங்கள் நினைத்தால், இப்போதைக்கு இல்லை.

துணி வெட்டுவது எப்போதோ கணினி கைக்குப் போய்விட்டது. பொத்தான் துளை போடவும் தனி இயந்திரம் உண்டு. சிக்கல் தையலில்தான். பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ரோபோ எடுத்து வைக்கும் மின்னணுச் சில்லு (சிப்) வளையாது. துணி நெளியும், இழுபடும், நழுவும். சட்டையில் கையைப் பொருத்துவதைக் கவனியுங்கள்: கையின் மேல்வளைவு, தோள் துளையைவிடச் சற்று நீளம். அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் விரலாலேயே உள்ளே தள்ள வேண்டும். லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் அக்கா அதைப் பேசிக்கொண்டே செய்துவிடுவார்.

2016-ல் அமெரிக்காவின் செவ்போ (Sewbo) நிறுவனம், துணியை நீரில் கரையும் பொருளால் விறைப்பாக்கி, ரோபோவால் ஒரு டி-சட்டை தைத்துக் காட்டியது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பிறகு அலச வேண்டும், உலர்த்த வேண்டும், செலவு ஏறும்.

காலணியில் அடிடாஸ் முயன்றது. ஜெர்மனியிலும் அட்லாண்டாவிலும் ரோபோ ஆலைகள் திறந்து, 2019-லேயே மூடப்போவதாக அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பம் போனது ஆசியாவிலுள்ள சப்ளையர்களிடம்!

பின்னலாடை வேறு கதை. ஜப்பானின் ஷிமா செய்க்கி நிறுவனம் 1995-லேயே தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரைப் பின்னும் இயந்திரம் கொண்டுவந்தது. நம் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்பீர்கள், ஏற்றுமதிக்குத்தான். அப்படி ஆலை வந்தாலும் அங்கே தையல்காரருக்கு வேலை குறைவு; இயந்திரத்தைப் பராமரிக்கும் டெக்னீஷியனுக்குத்தான் அதிகம்.