மார்கழிப் பனியும் குற்றாலச் சாரலும்: பிள்ளைக்கு எவ்வளவு துணி?

குளிர் நாளில் சின்னப் பிள்ளைகளுக்கு உடுத்துவது பற்றிய கேள்விகளுக்கு, குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த செவிலியர் பதில் சொல்கிறார்.

அம்பாசமுத்திரம்: சிஸ்டர், 2 மாதப் பையன். பனிக்காலம் என்று ஆச்சி குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர், மேலே கம்பளி எல்லாம் போட்டுத்தான் தூங்க வைக்கிறாங்க. நான் கழற்றினால் சண்டை.

ஆச்சி பயப்படுவதிலும் நியாயம் உண்டு. பச்சைப்பிள்ளைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் நம்ம சமவெளியில் மார்கழி விடியற்காலைகூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஜன்னலைச் சாத்திய அறைக்குள் இன்னும் வெதுவெதுப்பு. அதில் இத்தனையும் சுற்றினால் பிள்ளை புழுங்கிப்போகும். ஒரு வயதுக்குள், தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்றுபோகிற ஆபத்தை அதிகச் சூடு கூட்டுகிறது. முகத்தில் சரியும் குல்லாவும் கம்பளியும் மூச்சையே அடைத்துவிடலாம்.

குல்லா வெளியே தூக்கிப் போகும்போது இருக்கட்டும், தூங்கும்போது வேண்டாம். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, சாக்ஸ் போதும். உங்களுக்குக் குளிர்கிறதா? பிள்ளைக்கு உங்களைவிட ஒரு துணி கூடுதலாகப் போடுங்கள், அவ்வளவுதான். மல்லாக்கப் படுக்க வையுங்கள். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, பச்சைப்பிள்ளைக்கு அது சகஜம். பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஆச்சி நம்பவில்லை என்றால் அவங்க கையையே பிடரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க, சண்டை பாதி குறையும்.

நெஞ்சே சில்லிட்டிருந்தால் துணியைத் தேடி ஓடாதீர்கள். பிள்ளையை உங்கள் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் அப்புறமும் 97.7 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறவில்லை, அல்லது பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 3 மாதத்துக்குள் 100.4க்கு மேல் காய்ந்தாலும் அப்படித்தான்.

கடையம்: எட்டு மாதத்திலேயே பிறந்த பிள்ளைக்கும் இதேதானா?

இல்லை. எடை குறைந்த பிள்ளைக்கு வார்டில் சொல்லி அனுப்பிய முறையே முறை, குல்லா உட்பட. நெஞ்சோடு அணைத்து வைப்பதை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் செய்யுங்கள்.

வள்ளியூர்: சாரல் சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். இரண்டரை வயது மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா?

ஸ்வெட்டரைவிட மாற்றுத்துணிதான் முக்கியம். ஆனி, ஆடிச் சாரலில் காற்றும் ஈரமும் சேர்ந்துதான் பிள்ளையை நடுங்க வைக்கும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜட்டி முதல் எல்லாம் மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்கோட்டும் இருக்கட்டும். நனைந்ததும் அந்த இடத்திலேயே கழற்றி, தலையைத் துவட்டி மாற்றுங்கள். "கடைக்குப் போய் மாத்திக்கலாம்" என்று அல்வா வரிசையில் நிற்க வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தால் அன்றைக்குக் குளியல் முடிந்தது. அருவிக்கு அடியில் தூக்கிக்கொண்டு நிற்பது எந்தச் சீசனிலும் வேண்டாம்.

களக்காடு: அதிகாலையில் பைக்கில் போகும்போது 3 வயதுப் பையனை முன்னால் வைத்து, துப்பட்டாவைச் சுற்றிவிடலாமா?

துப்பட்டா வேண்டவே வேண்டாம். முனை சக்கரத்திலோ செயினிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். முன்னால் உட்கார்ந்தால் எதிர்காற்று முழுக்க அவன் மேல்தான். காதை மூடும் மெல்லிய குல்லா, அதன்மேல் அவன் அளவு ஹெல்மெட், காற்றுப் புகாத ஜாக்கெட் போட்டு, வண்டி ஓட்டுகிறவரோடு பெல்ட்டால் இணைத்துப் பின்னால் உட்கார வையுங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. கழுத்தில் கயிறு வைத்த ஜாக்கெட் வாங்கியிருந்தால் கயிற்றை உருவிவிடுங்கள்.

பாளையங்கோட்டை: சொக்கப்பனை பார்க்க ஸ்வெட்டர் போட்டுப் போகலாமா?

நைலான், அக்ரிலிக் என்றால் வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்திச் சட்டை போட்டு, தள்ளி நின்று பாருங்கள்.

சேரன்மகாதேவி: ஸ்வெட்டர் போடுமுன் நெஞ்சில் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா? ஒரு வயதுதான் ஆகிறது.

கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரக்கூடும். டப்பாவையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.