காலில் பாய்ந்த மரச்சிராய்

அன்புள்ள அக்கா,

ஒலிம்பிக் வந்தால் மட்டும் சைக்கிள் பந்தயம் பார்க்கிறவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே வீரர் நம் மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங். என் தம்பி அப்படியில்லை. ஞாயிறு விடியற்காலையில் பாலிக் புலாவ் பக்கம் சைக்கிள் ஓட்டப் போவான். ஜூலை வந்தால் ராத்திரி சாப்பாட்டையும் டிவி முன்னால் வைத்துக்கொண்டு பிரான்ஸ் பந்தயம் பார்ப்பான். அவனுக்குப் பிடித்தவர்களில் பாதிப் பேர் எதையும் ஜெயித்ததே இல்லையாம். "உனக்கு மெடல் வாங்கினால்தான் பிடிக்கும்" என்று என்னைச் சீண்டுகிறான். ஒரு வீரர் எதனால் மக்களுக்குப் பிடித்தவர் ஆகிறார்? எங்கள் இருவரில் உண்மையான ரசிகர் யார்?

மாலதி, ஜெலுத்தோங்

அன்புள்ள மாலதி,

தம்பி சொல்வது சரியில்லை. அசிசுலை உங்களுக்குப் பிடித்தது மெடலால் என்று நான் நம்பவில்லை.

2011 பிப்ரவரி, மான்செஸ்டர். உலகக் கோப்பை கெய்ரின் பந்தயம்; முதலில் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் ஓட்டி, அது விலகியதும் முந்தப் பாய்வார்கள். அதன் கடைசிச் சுற்றில் பலர் மோதி விழுந்தார்கள். ஓடுதளத்தின் மரப்பலகையிலிருந்து பெயர்ந்த சிராய் ஒன்று, சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், அசிசுலின் கெண்டைக்கால் சதையில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்து நின்றது. அவர் எழுந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி மூன்றாவதாக வந்தார். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலேயே இந்த நாடு அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டது. ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017-இல் உலகப் பட்டம், தோக்கியோவில் வெள்ளி எல்லாம் அப்புறம் வந்தவை. 2022-இல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபடி ஓட்ட வந்தார். 2024-இல் பாரிஸில், முன்னால் போகும் மோட்டார் வண்டி விலகுவதற்குள் அதைத் தாண்டிவிட்டதால், முதல் சுற்றிலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அன்றிரவு நான் இருந்த மாமாக் கடையில் ஒருவர்கூடத் திட்டவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், "பாவம்யா அந்தப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு கெய்ரின் விதிகள் தெரிந்திருக்காது. ஆனால் அசிசுலை அவருக்குத் தெரியும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரான்ஸில் ரேமோன் பூலிதோர் என்று ஒருவர் இருந்தார். உங்கள் தம்பி ஜூலையில் பார்க்கும் தூர் த பிரான்ஸில் மூன்று முறை இரண்டாவது, ஐந்து முறை மூன்றாவது. பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணிந்ததில்லை. அவரை வென்ற ஜாக் ஆங்கெத்தில் ஐந்து முறை பட்டம் வாங்கியவர். 1964-இல் பூய் த டோம் மலையில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். கடைசியில் 55 விநாடி வித்தியாசத்தில் பட்டம் ஆங்கெத்திலுக்குப் போனது. ஆனால் சாலையோர ஜனங்கள் "பூபூ" என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டது தோற்றவரைத்தான். ஆங்கெத்தில் அளந்து, கணக்குப் பார்த்து ஓட்டுகிறவர். பூலிதோர் படும் பாடு அவர் முகத்திலேயே தெரியும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை வேறு.

அப்படியானால் ஜெயிக்கிறவரைப் பிடிக்காதா? பிடிக்கும். ஸ்லோவேனியா வீரர் பொகாச்சாரைப் பாருங்கள். 2024 உலகப் போட்டியில் இன்னும் சுமார் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே பாய்ந்து ஜெயித்தார். அவ்வளவு முன்னால் கிளம்புகிறவர் தோற்கவும் துணிந்தவர். அதனால்தான் அவர் வெற்றி சலிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால் ஒவ்வொரு அணியிலும் தலைவரைக் காற்றுப் படாமல் கொண்டுபோவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர்க் குப்பிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். தலைவரின் சக்கரம் பழுதானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். 'டொமெஸ்திக்' என்று பெயர்; பிரெஞ்சில் வேலைக்காரன் என்றே அர்த்தம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். தம்பியைப்போல நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் தெரிவார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்க்காற்றில் நண்பர்களுக்கு முன்னால் ஓட்டியும் இருப்பார். அதன் வலி காலுக்குத் தெரிந்தவர் இவர்களை நேசிக்காமல் இருக்க முடியாது.

எனக்கு இது கெந்திங் மலையில்தான் புரிந்தது. பல நாள், பல ஊர் வழியாக நடக்கும் நம் நாட்டு லங்காவி சைக்கிள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம் அங்கே முடிந்த ஒரு வருடம் என் அக்கா மகனோடு போயிருந்தேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் வரை போகும் மலை. முதலில் வந்தவர் மின்னல்போலப் போய்விட்டார், கைதட்டினோம், கூட்டம் கலைய ஆரம்பித்தது. நானும் கிளம்பினேன். பையன் கையைப் பிடித்து நிறுத்தினான். "சித்தி, இன்னும் வரணும்." வெகுநேரம் கழித்து வந்தார்கள். சமவெளியில் வேகமாக ஓட்டும் கனத்த உடம்புக்காரர்கள், தலைவரை அடிவாரம்வரை இழுத்து வந்து ஓய்ந்தவர்கள், எல்லோரும் ஒரே கூட்டமாக. குறித்த நேரத்துக்குள் மேலே சேராவிட்டால் மறுநாள் ஓட்ட முடியாது. ஒருவர் முகத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. பையன் அவர் எண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவர் திரும்பி, ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். பையன் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நீங்களும் தம்பியும் பார்ப்பது ஒன்றைத்தான், மாலதி. ஒரு மனிதர் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவது. உங்களுக்கு அது ஒரு மரச்சிராயில் தெரிந்தது, அவருக்குப் பல வருட ஜூலைகளில் தெரிந்தது. உண்மையான ரசிகர் பட்டத்தை இருவருக்குமே கொடுக்கிறேன்.

அடுத்த முறை லங்காவி பந்தயம் உங்கள் பக்கம் வந்தால் தம்பியோடு போய் நில்லுங்கள். முதல் ஆள் போனதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கடைசிக் கூட்டத்தில் யாரைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று அவரிடம் முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்